அந்த அறையில் ஆள் இருக்கிறது

ஆரணிக் குஞ்சு,

வீட்டில் உன்னோடு கதைக்கத் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே "ஓம் அம்மா, தெரியும் அம்மா" என்று எழும்பிப் போய்விடுகிறாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாலர் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னன்கள் எல்லாம் இந்த நாட்டு வழக்கப்படி வெளியில் தள்ளுவண்டிகளுக்குள் நித்திரை. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தக் கிழமை என்னுடையது. யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை வண்டிகளிலும் மற்றக் கண்ணைக் கடதாசியிலும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ அழுதழுது போனதெல்லாம் இன்றைக்கு எனக்கு உதவுகிறது. ஆறுதலாக வாசி. விளங்காத சொல் வந்தால் அண்ணாவைக் கேள். இதில் உள்ளதெல்லாம் அவனுக்குத் தெரியும். உனக்கு இதைச் சொல்லவேண்டும் என்று என்னை நெருக்கியவனே அவன்தான்.

வருகிற சனிக்கிழமை நீ மாணவர் குடியிருப்புக்குப் போகிறாய். எல்லிங்ஸ்ருட்டில், எங்கள் வீட்டில், உனக்கென்று ஓர் அறை இருக்கும்போது, ரயிலேறினால் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இன்னோர் அறை எதற்கு என்று அப்பா கேட்டார். "எல்லாரும் போகினம் அப்பா" என்றாய் நீ. "எல்லாரும் எண்டால் ஆர்?" என்றார் அவர். அன்றைக்கு நின்ற கதை இன்னும் தொடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் இரண்டு பேரும் என்னைத்தான் கேட்கிறீர்கள். ரொம்மனிலிருந்து சித்தி வேறு நாள் தவறாமல் போன் எடுத்து, "பொம்பிளைப்பிள்ளையை உப்பிடித் தனிய விடப்போறியளோ அக்கா?" என்று கேட்கிறாள். போன கிழமை நீ அப்பாவின் முகத்துக்கு நேரே, "உங்களுக்கு நான் முக்கியமில்லை, சனம் என்ன சொல்லுமெண்டதுதான் முக்கியம்" என்று சொன்னாய். அவர் பஸ் கொம்பனியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். வேலை தொடங்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அவர் சொல்லாமல் விழுங்கிய பதிலைத்தான் நான் இப்போது சொல்லப்போகிறேன்.

நிமலன் அண்ணா வீட்டை விட்டுப் போகும்போது உனக்குப் பத்து வயது. அவனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், அதில் வலது காது கேட்காமல் போனது. உனக்குத் தெரிந்தது இவ்வளவும்தான். யாராவது கூப்பிட்டால் அவன் இடது பக்கமாகத் தலையைத் திருப்புவதைப் பார்த்துக் கிளி, கிளி என்று நீ பகிடி பண்ணுவாய், அவனும் சேர்ந்து சிரிப்பான். மற்றதை உனக்குச் சொல்லவேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்தோம். சின்னப்பிள்ளை பயந்துவிடும் என்றுதான். பிறகு நீ வளர்ந்தாய், ஆனால் அதைச் சொல்வதற்கு நல்ல நாள் என்று ஒன்று வரவேயில்லை.

அவன் போனதும் நீ போவது மாதிரியான ஓர் இடத்துக்குத்தான். நகரத்தின் மற்றப் பக்கத்தில், காட்டோரமாக, ஒன்றைப்போல ஒன்றாகக் கட்டிய கட்டடங்கள். பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது, அறையும் கிடைத்தது. பொடியன்தானே என்று அப்பா பெரிதாக மறிக்கவில்லை. ஆனால் நாங்கள் ஒரு நிபந்தனை வைத்தோம். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடவேண்டும், ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போகலாம். போகும்போது கிழமை முழுவதுக்கும் காணக்கூடிய சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கொடுப்பேன். இறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், புட்டு. சோற்றை மட்டும் அவன் அங்கே காய்ச்சிக்கொள்வான். முதல் நாள் கொண்டுபோய் இறக்கியபோது, "நீங்கள் மேலை வரவேண்டாம் அம்மா, இஞ்சை ஒருத்தரும் தாய் தேப்பனோட வாறேல்லை" என்று கண்ணாடிக் கதவடியிலேயே எங்களை நிற்பாட்டிவிட்டு, பைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தான். நாங்களும் திரும்பி வந்துவிட்டோம். அவனுடைய அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு வெள்ளியும் நான் கேட்பேன். "எல்லாம் நல்லா இருக்கோ ராசா?" "ஓம் அம்மா." "பக்கத்து அறைப் பிள்ளையள் எப்பிடி?" "நல்ல ஆக்கள் அம்மா." அதற்குமேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவன் பொய்யும் சொல்லவில்லை. அவர்கள் நல்ல ஆட்கள்தான். அவர்களுக்கு இவனைத் தெரியாது, அவ்வளவுதான்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பல மாதங்களுக்குப் பிறகுதான் சொன்னான். நீயும் அது மாதிரி ஒரு வாசலுக்குள்தான் போகப்போகிறாய் என்பதால் அவன் சொன்னபடியே எழுதுகிறேன். முதல் கிழமையில் மூத்த மாணவர்கள் புதுப் பிள்ளைகளைக் குழுக் குழுவாகப் பிரித்து, ஒரே நிறச் சட்டை போடவைத்து, பூங்கா பூங்காவாகக் கூட்டிக்கொண்டு திரிவார்கள். பாட்டு, விளையாட்டு, பியர். இவன் முதல் நாள் போனான், கையில் ஒரு சோடாப் போத்தலோடு நின்றான். "நீ குடிக்கிறதில்லையா?" என்று ஒருவன் கேட்டான், பிறகு இன்னொருவன், பிறகு ஒரு பெண்பிள்ளை. ஒருவரும் கெட்ட மனத்தோடு கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் கேட்டார்கள். அடுத்த நாள் தலையிடி என்று சொல்லி அறைக்குள் இருந்துவிட்டான். அந்தக் கிழமை முடிவதற்குள் ஆர் ஆரோடு சேர்வது என்பது முடிவாகிவிடும் பிள்ளை. பிறகு தனியே போய் ஒட்டிக்கொள்வது பெரிய கரைச்சல். ஒரு பின்னேரம் பொதுக் குசினியில் என் கறியைச் சூடாக்கிக்கொண்டு நின்றானாம். ஒரு பெடியன் உள்ளே வந்து, "ஓ, இது என்ன மணம்!" என்று சிரித்துக்கொண்டு யன்னலைத் திறந்தானாம். நல்ல மணம் என்று சொன்னானா, நாற்றம் என்று சொன்னானா என்று இவனுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வெட்கம். தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவன், அதற்குப் பிறகு அந்த மேசையில் இருந்து சாப்பிடவேயில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டு, குசினியில் சத்தம் அடங்கின பிறகு போய், அவசரமாகச் சோற்றைக் காய்ச்சிக்கொண்டு ஓடிவருவானாம். தான் இருக்கிற இடத்துக் குசினிக்கே கள்ளன் மாதிரி. இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிய நேரம். வியாழக்கிழமை போன் எடுத்து, "தடிமன் மாதிரிக் கிடக்கு அம்மா, சோதனையும் கிட்டுது, படிக்கவேணும், இந்த வெள்ளி வரேல்லை" என்றான். கொத்தமல்லி அவித்துக் குடி என்றேன். வெள்ளி பின்னேரம் காய்ச்சல் காய்கிறது, படுக்கப்போகிறேன் என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தான். சனி காலை நான் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். "பிள்ளையை நித்திரை கொள்ள விடுமப்பா" என்றார் அப்பா. உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து திரும்ப எடுத்தேன். இந்த முறை எடுத்தான். "நிமலன்?" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நோர்வேஜிய மொழியில், "விளக்கை அணையுங்கோ" என்றான். "என்ன ராசா? என்ன விளக்கு?" "விளக்கு... விளக்கு..." திரும்பவும் நோர்வேஜிய மொழி. அவன் என்னோடு ஒரு நாளும் அந்த மொழியில் கதைத்ததில்லை. நான் ஆரென்று அவனுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டக்கென்று ஏதோ விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

காரில் போகும்போது அப்பா, "குடிச்சிருப்பானோ? பெடியள் ஏதும் குடுத்திருப்பாங்களோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானும் நேர்ந்தேன். பிள்ளை குடித்திருக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சித்திக்குப் போன் பண்ணி, பள்ளிக்கூடம் விட்டதும் உன்னை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். அவனுடைய இலக்கத்தை அடித்தபடியே இருந்தேன். மணி அடித்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

அந்தக் கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. சுவரில் அறை இலக்கங்களும் மணி அழுத்தும் பொத்தான்களும். அவனுடையதை அழுத்தினோம். அது அவனுடைய அறைக்குள் மட்டும்தான் அடிக்கும். அப்பா பக்கத்தில் இருந்த பொத்தான்களையும் கண்டபடி அழுத்தினார். சனிக்கிழமை முற்பகல், பாதிப் பேர் நித்திரை, மற்றவர்கள் வெளியே. அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை கடைப் பையோடு வந்து, திறப்பு அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தாள். அப்பா அவளுக்குப் பின்னால் நுழையப் பார்த்தார். அவள் சட்டென்று உள்ளே போய்க் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கவும், தெரியாத ஆட்களை உள்ளே விட எங்களுக்கு அனுமதியில்லை" என்றாள்.

"என்ரை மகன்! என்ரை மகன் உள்ளை!" என்று அப்பா தமிழில் கத்தினார். இத்தனை வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டின மனிசனுக்கு அந்த நிமிடத்தில் நோர்வேஜிய மொழியில் ஒரு சொல் வரவில்லை. அவள் பயந்து பின்னால் போனாள். கதவு மூடிக்கொண்டது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் தன் விரலால் பஸ் கதவைத் திறந்து சனத்தை ஏற்றி இறக்குகிறவர், இரண்டு கையையும் கண்ணாடியில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கண்ணாடியோடு முகத்தை வைத்து, அவளுக்கு விளங்குகிற மொழியில் சொன்னேன். மகனுக்குச் சுகமில்லை, போனில் பிழையாகக் கதைத்தான், இப்போது எடுக்கிறானில்லை. பெயர் நிமலன்.

"அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்றாள்.

அறை இலக்கத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. "அது எங்கள் விறாந்தைதான். கடைசி அறை." கொஞ்சம் நின்றுவிட்டுச் சொன்னாள்: "அந்த அறையில் ஆள் இருக்கிறதா?"

ஆரணி, இந்தக் கேள்விதான் அப்பாவை வாட்டுகிறது. சனத்தின் கதை அவருக்குப் பெரிசில்லை. தன் பிள்ளை இரண்டு மாதத்துக்கு மேல் இருந்த இடத்தில், அதே விறாந்தையில் இருக்கிற ஒருத்தி, அங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். அப்பாவுக்கு அந்த மொழி நன்றாக விளங்கியது.

"இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் படியில் ஏறினாள். நாங்கள் நின்றோம். அவள் திரும்பி வருவாளா, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெடியன் உள்ளேயிருந்து வந்தான், எங்களைப் பார்த்தான், வேறு கதவால் போய்விட்டான். அப்பா கல் தேடத் தொடங்கினார். உண்மையாகவே, அந்தப் புல்வெளியில் குனிந்து ஒரு கல் தேடினார். அப்போது அவள் படியில் விழுந்தெழும்பி ஓடிவருவது தெரிந்தது. முழு உடம்பாலும் கதவைத் தள்ளித் திறந்து, "போன் உள்ளே அடிக்கிறது. தட்டினேன், பதில் இல்லை. ஆனால் ஏதோ சத்தம் கேட்கிறது" என்றாள். கையில் இருந்த பை எங்கேயோ போய்விட்டிருந்தது. ஓடிக்கொண்டே அவசர அம்புலன்ஸுக்கு அழைத்துக் கதைக்கத் தொடங்கியிருந்தாள். அவளுடைய பெயர் இங்வில். வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து படிக்க வந்தவள்.

விறாந்தையின் கடைசியில் அவனுடைய கதவு. அதில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நேரமில்லை. பூட்டு. அப்பா தோளால் இடித்தார். இடித்துத் திறக்கிற கதவில்லை அது, நெருப்புக்குத் தாங்குகிற கனத்த கதவு. பக்கத்து அறைகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் காவலாளிக்குப் போன் பண்ணினான். இங்வில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அங்கே கேட்பதை எல்லாம் என்னிடம் கேட்டாள். மூச்சு இருக்கிறதா? தெரியாது. எப்போதிருந்து? தெரியாது. நான் தரையில் படுத்து, கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் இருந்த நீக்கலில் வாயை வைத்து அவனைக் கூப்பிட்டேன். "நிமலன், அம்மா வந்திருக்கிறன். இஞ்சை பார் ராசா. அம்மா கதவடியிலை நிக்கிறன்." உள்ளேயிருந்து ஒரு முனகல். அந்த முனகல் நிற்கக்கூடாது என்பதற்காக வாய்க்கு வந்ததெல்லாம் கதைத்தேன். உன்னைப் பற்றி, வீட்டுக் கதையைப் பற்றி, என்ன கறி வைத்தேன் என்று. இடையில் முனகல் நின்றுபோனது. நான் கதைப்பதை நிறுத்தவில்லை.

காவலாளியும் அம்புலன்ஸ்காரர்களும் ஒன்றாகத்தான் வந்தார்கள். கதவு திறந்தது. யன்னலைப் போர்வையால் மூடி, உள்ளே இருட்டாக்கி வைத்திருந்தான். கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் கிடந்தான். சத்தி எடுத்து வாயோரம் வழிந்திருந்தது. அவர்கள் சட்டையைத் தூக்கியபோது வயிற்றிலும் துடையிலும் ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆரோ பிள்ளையை அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்புலன்ஸில் வந்த பெண் அந்தப் புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மற்றவனைப் பார்த்தாள். அங்கேயே, தரையில் வைத்தே ஊசி போட்டார்கள். மூளையை மூடியிருக்கிற சவ்வில் கிருமி, இரத்தத்திலும் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இளம் பிள்ளைகள் நெருங்கி இருக்கிற இடங்களில் வரக்கூடியது, வந்தால் மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோய்விடும். பின்னேரம் வரைக்கும் அப்படியே கிடந்திருந்தால்? அப்பா அங்கிருந்த டொக்டரிடம் கேட்டார். டொக்டர் அப்பாவின் முழங்கையைப் பிடித்தார்.

பிழைத்துவிட்டான். ஒரு காது போனது. நடக்கப் பழகுவதற்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. கண் முழித்த பிறகு முதலில் பார்க்க வந்தவள் இங்வில். கட்டிலடியில் இருந்து அழுதாள். கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டு அவள் எழுதியதாம். சோற்றுப் பானை கழுவாமல் தொட்டிக்குள் கிடந்ததாம், கடைசி அறைக்காரன்தான் போட்டிருப்பான் என்று ஆரோ சொன்னார்களாம், கோபத்தில் "கழுவி வை" என்று எழுதி ஒட்டினாளாம். அந்த அறைக்கு வந்த ஆள் அறையை விட்டுப் போய்விட்டது என்று பிறகு நினைத்தாளாம். என்னிடம், "கதவைத் திறக்காமல் விட்டதற்கு மன்னியுங்கள்" என்றாள். "நீ செய்தது சரி. உனக்கு எங்களை ஆரென்று தெரியாது. ஆனால் நீ மேலை போய்ப் பாத்தாயே" என்றேன். கிருமி தொற்றியிருக்கலாம் என்று அந்த விறாந்தைப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தார்கள். நிமலன் என்கிற பெயரை அன்றைக்குத்தான் அவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

இனி நான் சொல்லவந்த முக்கியமான இடம். மாரிக் குளிரில் வீட்டில் வைத்துப் பார்த்தோம். தை மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது, "நான் திரும்ப அங்கை போறன்" என்றான். அப்பா கையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"உனக்கு விசரே? பிணமாய்த் தூக்கியிருப்பம்! திரும்ப அதே அறைக்கோ?"

"ஓமப்பா. அதே அறைக்குத்தான்."

"இஞ்சை இருந்து படிக்க ஏலாதோ? உன்னை ஆர் கலைச்சது?"

அவன் கேட்கிற காதை அப்பாவின் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்: "அப்பா, நான் அங்கை இருந்ததாலை சாகப் பாக்கேல்லை. அங்கை நான் இருக்கவேயில்லை. சாப்பாடு இஞ்சையிருந்து, சனி ஞாயிறு இஞ்சை, கதைபேச்சு இஞ்சை. அங்கை என்ரை உடுப்புத்தான் இருந்தது. இந்த முறை நான் அங்கை இருக்கப்போறன்."

அப்பா அவனோடு பல கிழமை கதைக்கவில்லை. இப்போது உன்னோடு கதைக்காதது மாதிரித்தான். நான் அழுதேன், கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தேன், ஆனால் உடுப்பை மடித்துக் கொடுத்தேன். சாப்பாட்டுப் பெட்டிகளை அவன் கொண்டுபோகவில்லை. அரிசியும் கறித்தூளும் மட்டும் போதும், அங்கேயே சமைக்கிறேன் என்றான். பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிறு எங்களை அங்கே சாப்பிடக் கூப்பிட்டான். அப்பா கார் தரிப்பிடம் வரைக்கும் வந்தார். கட்டடத்தைப் பார்த்தார். "நீர் போயிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை நிறுத்தாமலே இருந்தார். நான் தனியே ஏறினேன். குசினியில் ஐந்தாறு பிள்ளைகள். நிமலன் இறைச்சிக் கறி வைத்திருந்தான், உப்புக் கூடிவிட்டிருந்தது. முந்தி யன்னலைத் திறந்த பெடியனே மூக்கால் தண்ணீர் ஓட ஓட மூன்றாம் தரம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் அவனுடைய இடது பக்கமாக வந்து நின்றுதான் கதைத்தார்கள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே. நான் தொட்டிக்குப் போய்ப் பானை கழுவுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகவே உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதல் கிழமை உனக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் எல்லா நாளும் போ. சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் குடிக்கிறாயில்லை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சிரித்துக்கொண்டு சொல்லு. குடித்துப் பார்க்க நீயே விரும்பினால் அது உன் முடிவு, ஆனால் உன்னைப் பத்திரமாக அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய ஒருத்தி பக்கத்தில் இல்லாத இடத்தில் வேண்டாம். பெடியன்களைப் பற்றிச் சித்தி சொல்வதை நான் சொல்லப்போவதில்லை. உன்னை அவசரப்படுத்துகிறவன் ஆராயிருந்தாலும் எழும்பி வா, வந்து என்னிடம் சொல்லு, நான் கத்தமாட்டேன். கத்தினாலும் பிறகு கேட்பேன். செத்தல் மிளகாயை அங்கே வறுக்காதே, புகைக்கு மணி அடித்து முழுக் கட்டடமும் இரவு உடுப்போடு முற்றத்தில் வந்து நிற்கும், அதையும் உன் அண்ணா செய்து பார்த்துவிட்டான். சாப்பாட்டை அறைக்குள் கொண்டுபோகாதே. மணம் என்று ஆராவது சொன்னால், நல்லதோ கெட்டதோ என்று நேரே கேள். பக்கத்து அறைக்காரி எப்போது எழும்புகிறாள், எப்போது வருகிறாள் என்பது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும், உன்னுடையது அவளுக்கும். ஒருத்தியின் கதவு வழமைக்கு மாறாகச் சாத்தியே கிடந்தால், கரைச்சல் கொடுக்கிறேனோ என்று யோசிக்காமல் தட்டு. அண்ணாவுக்கு வந்த கிருமிக்கான தடுப்பூசி நீ பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட்டாய். கை நோகுது என்று நீ முறைத்தபோது நான் ஏன் விடாப்பிடியாக நின்றேன் என்பது இப்போது விளங்கும். ஒவ்வொரு வெள்ளியும் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதல் சில ஞாயிறுகள் அங்கேயே இரு, கட்டடம் வெறிச்சென்று இருக்கும். இரு. நான் கேட்கும்போது "எல்லாம் நல்லம்" என்று மட்டும் சொல்லாதே. எது நல்லமில்லை என்பதையும் சொல்லு.

இப்போது அப்பாவின் விசயம். அவருக்குக் கோபம் இல்லை பிள்ளை. அவர் பயந்துபோய் இருக்கிறார், பயத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி வாயை மூடிக்கொள்வதுதான். உனக்கு அறை கிடைத்த கடிதம் வந்த நாளிலிருந்து நித்திரையில் அவருடைய கை சுவரைத் தள்ளுகிறது. அண்ணா லில்லெஸ்ட்ரோமில் வேலையும் வீடுமாக நன்றாகத்தான் இருக்கிறான் என்று நான் சொன்னால், "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறார், ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவடியை விட்டு அவர் இன்னும் வரவில்லை. இன்றைக்குக் காலையில் சப்பாத்துக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் கேட்டார்: "சனிக்கிழமை பஸ் ஓட்டத்தை மாத்திப்போட்டன். வாசல் எந்தப் பக்கமெண்டு அவளிட்டைக் கேளும். காரை எவடத்திலை விடலாமெண்டும் கேளும்." உன்னிடம் அவராகக் கேட்கமாட்டார். எனக்குச் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளமாட்டார்.

அங்கே போனதும் பைகளை வாசலில் வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பத்தான் பார்ப்பார். விடாதே. எல்லாவற்றிலும் கனமான பெட்டியை அவருடைய இரண்டு கையிலும் கொடு. கதவை நீயே உன் அட்டையால் திறந்து, அவரை முன்னால் விட்டு, மேலே கூட்டிக்கொண்டு போ. உன் அறையைக் காட்டு, பூட்டு எப்படித் திறக்கிறது என்று காட்டு. குசினியில் ஆர் இருந்தாலும் சரி, ஒருத்தர் இருந்தாலும் காணும், "இவர் என்ரை அப்பா" என்று அவர்களுடைய மொழியில் சொல்லு. அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டுவார், தன் பெயரைச் சொல்வார். அவர்கள் தங்களுடைய பெயரைச் சொல்லட்டும். தேத்தண்ணி குடிக்கச் சொன்னால் குடிக்கட்டும். நான் கீழே காருக்குள் இருப்பேன். அவசரமில்லை, ஆறுதலாக வரச்சொல்லு.

அம்மா